பெனால்டியை யார் அடிப்பது?

14 மே 1994, சனி. ஹவுன்ஸ்லோ, லண்டன்.

எங்கள் அறையில் இருக்கும் ரவியின் தகப்பன் ஊரில் தவறிப்போனார் என்று பின்னேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. ரவி அப்போது வீட்டில் இல்லை. போனை எடுத்தது நான்.

“முதலில அவன் வந்து சாப்பிடட்டும்” என்றார் எங்களோடு இருக்கும் மூத்தவர் குமார் அண்ணை.

சாப்பிட்டான். பிறகு ரிவியில் ஸ்பானிய லீக்கின் கடைசி ஆட்டத்தில் மூழ்கிவிட்டான். குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற குமார் அண்ணையிடம், “மட்ச் முடிய நீங்கள் சொல்லுங்கோ” என்றேன்.

“நீதானே போன் எடுத்தனீ.”

கடைசி நிமிடத்தில் ஒரு அணிக்குப் பெனால்டி. கோல் விழுந்தால் சாம்பியன். அந்த அணியின் பேர்போன முன்கள ஆட்டக்காரர் முன்வரவில்லை. ஒரு பின்கள ஆட்டக்காரர் வந்து அடித்தார். கோலி பிடித்துவிட்டார்.

“பெரியாக்கள் எல்லாம் ஒளிச்சுக்கொண்டு, பாவம், அந்தாளை விட்டிட்டாங்கள்” என்றான் ரவி. நானும் குமார் அண்ணையும் நிலத்தைப் பார்த்தோம்.

விடிய அவனுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட். தன்னை எழுப்பிவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறான்.