எந்தப் பதிப்பிலிருந்து கிளம்பியது?

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். காகிதத்தில் கடிதமா என்று நீ கண்ணை உருட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. என்ன செய்ய? நம்முடையது நிறுவனங்கள் தங்கள் சர்வர்களில் சொந்தமாகக் கிளவுட் அமைத்துக்கொள்ள உதவும் திறந்த மூல மென்பொருள் திட்டம், யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தலாம். அதன் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் உலகமே படிக்கும், பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். போனில் என்றால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். நாத்தனாரைத் திட்டுவதற்குக் காகிதத்தை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

முதலில் நல்ல சேதி. அடுத்த வெளியீட்டுக்கு உன்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றதும் வீடே துள்ளியது. உன் அண்ணன் கிளினிக்கில் வாயைத் திறந்தபடி கிடக்கும் நோயாளிகளிடமெல்லாம் உன் புராணம் பாடுகிறார். பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாவம், பதிலும் சொல்ல முடியாது, எழுந்து ஓடவும் முடியாது.

இனி சண்டை. மேம்படுத்தல் சோதனையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்த மாற்றத்தின் மேல் நான் தடை ஓட்டுப் போட்டிருக்கிறேன். நான் எடுக்கும்வரை அது உள்ளே போகாது, அது போகாமல் உன் வெளியீடும் நகராது. தெரிந்தேதான் போட்டேன்.

நேற்று உன் அண்ணன், "அப்படி என்னதான் டெஸ்ட் பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றார். ஆட்கள் குடியிருக்கும்போதே வீட்டை இடித்துக் கட்டுகிறோம், கட்டி முடித்ததும் உள்ளே இருந்தவர்கள் அப்படியே இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை என்றேன். "நாங்கன்னா மயக்க ஊசி போட்டுடுவோம்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தச் சோதனையை நாம் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? என் சாப்பாட்டு மேஜை, உன் லேப்டாப். பழைய பதிப்பை நிறுவி, அதன் கிளவுடில் ஒரு சின்னக் கணினியை ஓடவிட்டு, அதன் டிஸ்க்கில் ஒரு வாக்கியம் எழுதிவைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டு, அந்த வாக்கியம் வாசிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். என்ன வாக்கியம் போடலாம் என்று நான் திரையை விட்டு எழாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பொறுமையிழந்து, "அண்ணி, காபி ஆறுது, சீக்கிரம் வாங்க" என்று அதிலேயே தட்டச்சு செய்துவிட்டாய். இன்றுவரை அதே வாக்கியம்தான். அந்தச் சோதனைக்குப் பதிலாக நீ எழுதியிருக்கும் புதிய வேகச் சோதனையில் அந்த வாக்கியத்தைத் தூக்கிவிட்டாய். நேரம் மிச்சமாம்.

நீ வெளியிடுவதை, நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கண் மருத்துவமனையில் ஏற்றப்போகிறவள் நான் என்பதை மறக்காதே. எத்தனை ஆயிரம் பேருடைய கண் படங்கள் அந்தச் சர்வர்களில் கிடக்கின்றன!

வெளியீடு முடிந்ததும் பத்து நாள் இங்கே தங்குகிறேன் என்றாயே, மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். உன் அண்ணனின் ஓட்டை டிரெட்மில்லை மட்டும் நகர்த்த முடியவில்லை. துணி காயப்போட உதவும்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காகிதத்தில் கடிதம் எழுத ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உள்ளே படித்தால் அர்ச்சனை!

அண்ணி, உங்கள் சோதனை ஒருமுறை ஓடி முடிக்க மூன்று மணி நேரம். அதில் பாதி நாள் காரணமே இல்லாமல் தோற்றுப்போய்ச் சிவப்பு. நெட் மந்தமானால் சிவப்பு, டவுன்லோட் அறுந்தால் சிவப்பு. யாரோ எங்கோ சம்பளமில்லாமல் உட்கார்ந்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிறான். அதற்கும் மூன்று மணி நேரம் காத்திருந்து, சிவப்பைப் பார்த்து, "மறுபடி ஓட்டு" என்று அழுத்துகிறான். போன மாதம் இரண்டு பேர் திட்டத்தை விட்டே போய்விட்டார்கள். போகும்போது ஒருவர் என்னிடம், "உங்க டெஸ்ட் முடியறதுக்குள்ள என் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சிடுவா" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அதனால்தான் வேகச் சோதனையை நானே உட்கார்ந்து எழுதினேன். பழைய பதிப்பு, ஏற்றம், எல்லாச் சேவைகளும் எழுந்து நிற்கின்றனவா என்று ஒரு பார்வை. இருபது நிமிடம். இதுவரை நாற்பது முறை ஓட்டியிருக்கிறேன், நாற்பதும் தேறிப் பச்சை. ஒரு சிவப்புகூடக் கிடையாது.

மார்ச் கடைசி என்று தேதி அறிவித்துவிட்டேன். பொறுப்பேற்ற பிறகு என் முதல் வெளியீடு அண்ணி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதீர்கள். தடையை எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்.

டிரெட்மில் இருக்கட்டும். அண்ணன் அதில் கடைசியாக ஏறியதைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

உங்கள்
வாலு


பிப்ரவரி 18

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு பேர் போனதைப் படித்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. என் சோதனை மெதுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் செய்ய வேண்டியது என்ன என்று உட்கார்ந்து பேசுவோம். ஆனால் தடையை எடுக்க மாட்டேன்.

என்னை உறுத்துவது அந்த நாற்பது பச்சைதான். இத்தனை வருடத்தில் இத்தனை பதிப்புகளை ஏற்றியிருக்கிறேன், ஒருமுறைகூட ஏதாவது ஒன்று முனகாமல் இருந்ததில்லை. ஒரு நாள்கூட அழாத குழந்தையை நான் கொஞ்ச மாட்டேன், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். உன் சோதனை எந்தப் பதிப்பிலிருந்து கிளம்புகிறது? அதைப் பார்த்துச் சொல்.

போன தடவை மருத்துவமனையில் ஏற்றியபோது காத்திருப்பு அறையின் வழியாகத்தான் சர்வர் அறைக்குப் போனேன். கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர், பக்கத்தில் மகள். "கம்ப்யூட்டர் சரியாயிடுமாம்மா? அப்பாவோட பழைய படத்தைப் பார்த்துதான் ஆபரேஷன் பண்ணணும்னாங்க" என்று கேட்டாள். ஆயிடும்மா என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். என்னால் அப்படி நிமிர்ந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், நீ எழுதிய அந்தக் காபி வாக்கியம் அதற்கு முந்தின வாரச் சோதனையில் பத்திரமாக வந்து சேர்ந்ததுதான். சேவைகள் எழுந்து நிற்பது பெரிய விஷயமில்லை வாலு. ஆள் எழுந்து நிற்கிறார், ஆனால் தன் வீடு எது என்று அவருக்குத் தெரிகிறதா?

நீ கெட்டிக்காரி. இந்தத் திட்டத்துக்கு உன்னைப் போல ஒரு தலைவி கிடைத்ததில்லை. அதனால்தான் உன் முதல் வெளியீடு உடைந்து போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய சோதனைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் சோதனை எந்தப் பதிப்பிலிருந்து கிளம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். பழைய பதிப்பிலிருந்துதான். சோதனையை ஓட்டும் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே அந்தப் பதிப்பின் எண் இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான். எனக்கு இதுகூடத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்.

நேற்று இணையக் கூட்டத்தில் வெளியீடு ஏன் நகரவில்லை என்று கேள்வி வந்தது. திட்டத்தின் ஆவணப் பிரிவைப் பார்க்கிறவர், "வேறென்ன, அண்ணி நாத்தனார் சண்டைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேமராவை அணைத்துவிட்டேன். என் வேலையை வேலையாக யாருமே பார்க்கவில்லை. குடும்பக் கதையாகத்தான் பார்க்கிறார்கள். அதற்கு நீங்கள் வழி செய்து கொடுத்தீர்கள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு பேசிப் பயனில்லை. உங்கள் தடையை நீக்கும்படி தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். மார்ச் இரண்டாவது வியாழக்கிழமை வாக்கெடுப்பு.

விடுமுறைக்கு வரவில்லை. மாடி அறையில் துணி காயப்போடுங்கள்.

இப்படிக்கு,
வெளியீட்டுத் தலைவி


மார்ச் 2

என் வாலுவுக்கு,

நீ எப்படி வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுக்கொள். எனக்கு நீ வாலுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு அந்த ஆவணக்காரர் மேல் கோபம் வந்தது. பிறகு உன் மேல் வந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளில் என் பெட்டியைத் தூக்கி மாடியில் வைத்தவள் நீ. என்னைப் போய் உன் எதிரி என்று எப்படி நினைத்தாய்? உன் அண்ணனிடம் கேட்டால், "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி, என்னை விட்டுடுங்க" என்று கிளினிக்குக்கு ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகூட!

வியாழக்கிழமை குழு என் தடையை நீக்கினால் நீக்கட்டும். அது அவர்கள் உரிமை, நான் முணுமுணுக்க மாட்டேன். நானாக எடுக்க மாட்டேன்.

அதற்கு முன் எனக்காக ஒன்று செய். ஸ்கிரிப்டைப் படிக்காதே. அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு மனப்பாடம், அதுதான் தொல்லை. அழைப்பிதழில் பேர் அச்சடித்திருப்பதால் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துவிட்டதாக அர்த்தமா? மேடைக்குப் போய் ஆளைப் பார். ஏற்றத்துக்கு முன் ஒருமுறை, ஏற்றத்துக்குப் பின் ஒருமுறை, "நீ எந்தப் பதிப்பு?" என்று அந்த இயந்திரத்திடமே கேள். அது என்ன சொல்கிறது என்று பார். நான் நினைப்பது தவறாக இருந்தால், குழுவுக்கு முன்னால் நானே எழுந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கேமராவை அணைக்காமல்.

அறை அப்படியே இருக்கிறது. துணியை வெளியே காயப்போடுகிறேன்.

உன்
அண்ணி


மார்ச் 16

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரித்தேன். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறியில்தான் இயந்திரத்திடம் கேட்கும் அந்த இரண்டு வரியைச் சேர்த்து ஓட்டினேன்.

ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே எண்ணைச் சொன்னது. புதிய பதிப்பின் எண்.

ஏதோ வரியை இரண்டு முறை ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி ஓட்டினேன். அதே எண். டப்பாவை மூடிவிட்டு, ஸ்கிரிப்டை வரி வரியாகத் தோண்டினேன் அண்ணி.

நடந்தது இதுதான். பதிப்புகளைச் சேமித்து வைக்கும் இணையக் கிடங்கைப் பார்க்கிறவர்கள் பழைய பதிப்பை வேறு முகவரிக்கு மாற்றியிருக்கிறார்கள். என் சோதனை பழைய இடத்தில் தேடியது, கிடைக்கவில்லை. அங்கேயே அது சிவப்பாகி நின்றிருக்க வேண்டும். ஆனால் டவுன்லோட் அறுந்து வீணாகச் சிவப்பு வரக்கூடாது என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். கேட்டது கிடைக்காவிட்டால் இருப்பதை எடுத்துக்கொள் என்று. அது சொன்னபடி கேட்டு, புதிய பதிப்பை எடுத்து, புதிய பதிப்புக்கே ஏற்றியிருக்கிறது. சாமானெல்லாம் லாரியில் ஏற்றி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு கிளாஸ்கூட உடையவில்லை என்று நாற்பது தடவை மார்தட்டியிருக்கிறேன்.

அந்த வரியை அடித்துவிட்டு, சரியான முகவரி கொடுத்து, காபி வாக்கியத்தையும் திரும்ப வைத்து ஓட்டினேன். சிவப்பு. எல்லாச் சேவைகளும் நிமிர்ந்து நின்றன, சின்னக் கணினியும் கண் விழித்தது, ஆனால் அதற்குத் தன் டிஸ்க் எது என்று தெரியவில்லை. புதிய பதிப்பில் டிஸ்க்குகளைத் தேடும் முறையை மாற்றியிருக்கிறோம். பழைய முறையில் பதிந்தவை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் மருத்துவமனையில் இருப்பவை எல்லாமே பழைய முறையில் பதிந்தவைதானே? படங்கள் அழிந்திருக்காது. ஆனால் மறுநாள் காலையில் ஒரு டாக்டருக்கும் ஒரு படமும் திறந்திருக்காது. அந்தப் பெரியவரின் மகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு முழுவதும் அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை குழுக் கூட்டத்தில் கேமராவைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கெடுப்புக் கோரிக்கையை வாபஸ் வாங்கினேன். வெளியீட்டைத் தள்ளிவைத்தேன், மேம்படுத்தல் சோதனை கட்டாயப் பட்டியலிலேயே இருக்கும்படி என் மாற்றத்தைத் திருத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. நான்கு பேர் அங்கேயே டிஸ்க் பிரச்சினையைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஆனால் ஒன்று. உங்கள் சோதனையும் மூன்று மணி நேரம் ஓட வேண்டியதில்லை. ஒரே விஷயத்தை நான்கு இடத்தில் கேட்கிறீர்கள். பாதி சோதனை, பாதி வெறும் பயம். அதை நான் வெட்டப்போகிறேன், உங்கள் மேஜையில், உங்கள் எதிரில் உட்கார்ந்து. அதற்கும் தடை போடுவீர்கள், தெரியும். வெளியீடுதான் தள்ளிப்போய்விட்டதே, சனிக்கிழமை மதிய வண்டியில் வருகிறேன். டிரெட்மில் மேல் இருக்கும் துணியை எடுத்துவிடுங்கள்.

தடையை எடுக்கச் சொல்லி இனி கேட்க மாட்டேன். நீங்களே ஓட்டிப் பார்த்து, உங்களுக்கு மனசு ஒப்பினால் எடுங்கள். நேற்று நான் ஓட்டினேன். பழைய எண்ணில் கிளம்பி, புதிய எண்ணில் வந்து நின்றது. சின்னக் கணினி தன் டிஸ்க்கைத் தானே கண்டுபிடித்துத் திறந்தது. திரையில், "அண்ணி, காபி ஆறுது, சீக்கிரம் வாங்க." அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

சொல்ல மறந்தேன். கூட்டம் முடியும்போது அந்த ஆவணக்காரர் மெதுவாகக் கேட்டார், "கடைசில சண்டையில யார் ஜெயிச்சது?"

"எங்க அண்ணி" என்றேன்.

உங்கள்
வாலு