வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பையை அழிக்காதே

முப்பிடாதி அம்மன் துணை

லேபர் கேம்ப், மாட்டுங்கா, மும்பை
ஆகஸ்ட் 2007, திங்கட்கிழமை

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும்போது பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் இது நீயாகக் கட்டிவிட்ட கதை என்று என்னைச் சொல்லக்கூடாது. நான், எதிர்வீட்டு அக்தர் பானு அக்கா, பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் மைனி, பிறகு உன் அப்பா. அப்பா அம்பர்நாத்தில் முதல் ஷிப்ட் முடித்து வந்து குறட்டை விடுகிறார், அவரைப் பாதி ஆளாக வைத்துக்கொள். அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் சுகம், சந்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் நிற்கிறது, அதுவும் சுகம்தான். உன் சுகத்துக்கு எழுது, ஃபைன் மா என்று மட்டும் எழுதாதே, அந்த வார்த்தையைக் கேட்டாலே உனக்குக் காய்ச்சல் என்று தோன்றுகிறது. போனில் பேசலாம் என்றால் வாயைத் திறக்குமுன் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால் கையால் எழுதி, ரோஷனுடைய நெட் சென்டரில் ஸ்கேன் போட்டு உனக்கு மெயிலில் அனுப்பச் சொல்லப் போகிறேன். மீட்டிங்கிலேயே உட்கார்ந்து படி.

முந்தாநாள் நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நெட்டில் ஜனம் சேர்ந்து பேசிக்கொள்ள நீயும் உன் கூட்டாளிகளும் நடத்துகிற சேக்காளி டாட் காமை ஏதோ பெரிய கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம், சேர்ந்தவர்கள் தலையை எண்ண அவர்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறானாம், மும்பைப் பக்கம் பார்த்தால் ஒரே அம்மன் படம் இருநூறு தடவை நிற்கிறதாம், ஒரே பொம்பளை இருநூறு பெயரில் சேர்ந்திருக்கிறாளா என்று அவன் கேட்டானாம், மானமே போச்சு அம்மா என்றாய். ஏட்டி, பொங்கலுக்குப் போன் போட்டு, எல்லாரும் ஆர்க்குட்டுக்கு ஓடுகிறார்கள், நம்ம ஜனத்தையாவது எனக்குச் சேர்த்துக் கொடு அம்மா என்று கெஞ்சியது யார்? நான் சந்து சந்தாய் அலைந்து, ஆண்டாப் ஹில் வரைக்கும் பஸ்ஸில் போய், ஒவ்வொருத்தியையும் ரோஷன் கடைக்கு இழுத்து வந்து சேர்த்தேன். ஆள் எல்லாம் அசல். போட்டோ கேட்ட இடத்தில்தான் வம்பு. முப்பிடாதி மைனி, நான் என்ன செத்தா போயிட்டேன், என் படத்தை ஊர் பார்க்க மாட்டுவதற்கு, அடுத்து மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்துவியா என்று கேட்டுவிட்டாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சரி, எந்தக் கண்ணும் படாத முகமாகப் போடுவோம் என்று நம் வீட்டுக் காலண்டரில் இருந்த அம்மனை எல்லோருக்கும் நானே போட்டேன். பாய் வீட்டுக்காரர்கள் தர்காவைப் போட்டார்கள். இதில் என்ன மானம் போகிறது? அம்மனுக்கு இருநூறு பிள்ளைகள் இருந்தால் அம்மனே போலி ஆகிவிடுவாளா?

உன் வியாபாரமும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள். கோயிலில் புளியோதரை சும்மா கொடுத்தாலும் பக்கத்தில் உண்டியல் இருக்கும். உன் கடையில் உள்ளே வரக் காசில்லை, பேசக் காசில்லை, இரண்டு வருஷமாய்க் கல்லாவே இல்லை, அதை ஒருத்தன் கோடியில் கேட்கிறான். உண்டியல் எங்கே என்று கேட்டதற்கு, வருகிற ஜனங்கள்தான் அம்மா சரக்கு, அவர்களுக்கு விளம்பரம் காட்டுவதுதான் வருமானம் என்றாய். அப்படியானால் நான் லேபர் கேம்ப்பையே தராசில் ஏற்றியிருக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது. மைனியிடம் இதைச் சொன்னதற்கு, என்னை எவ்வளவுக்கு வாங்குறான், என் வீட்டுக்காரர் அதற்குமேல் கேட்டால் கொடுப்பானா என்று கேட்கிறாள்.

சிரித்தது போதும், இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனித முகம் இல்லாததை எல்லாம் வியாழக்கிழமை ராத்திரி மெஷின் அழித்துவிடும் என்றாயே, உன் வெளிநாட்டில் வியாழன் ராத்திரி என்றால் இங்கே வெள்ளி மத்தியானம். அம்மன்களை எல்லாம் அழித்துக்கொள், தாயே மன்னித்துக்கொள்வாள். ஆனால் அந்த வரிசையில் ஒரு தோல் பை படம் இருக்கும், பிடி கோணலாய், கீரைக்கட்டு வெளியே தலை நீட்டிக்கொண்டு. அது அக்தர் பானு அக்காவுடையது. தர்கா படமும் வேண்டாம், என் மூஞ்சியும் வேண்டாம், கையில் இருக்கிறதைப் படம் பிடி என்றாள், ரோஷன் அதையே பிடித்துப் போட்டான். அந்தப் பையைத் தைத்தது அவள் தம்பி கரீம் பாட்சா. உனக்கு ஞாபகம் இருக்கும், தாராவியில் அவள் வீட்டுக்காரர் நஜிமுதீன் அண்ணன் பட்டறையில் வேலை பழகினானே, அவன்தான். ஆர்டர் பையின் பிடியைக் கோணலாய் வைத்துவிட்டான் என்று, இது பையா மீன் கூடையா என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சாக்கடையில் வீசினார். பையன் அப்படியே இறங்கிப் போனவன்தான். நீ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். அக்கா அந்தப் பையை எடுத்துக் கழுவி, அன்றிலிருந்து அதில்தான் காய்கறி வாங்குகிறாள், அண்ணனும் ஒன்றும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது, லாத்தா, இந்தப் பை இன்னுமா கிழியல என்று. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். பானு அக்காவை, அக்கா என்பதற்கு லாத்தா என்று கூப்பிட உலகத்தில் அந்தத் தம்பி ஒருத்தன்தான். ரோஷன் கடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், கரண்ட் அடித்ததோ என்று அவன் மெயினை அணைத்துவிட்டான். கோலாலம்பூரில் இருக்கிறானாம். வாராவாரம் ஜும்மா தொழுகை முடித்து, சாயங்காலம் வரைக்கும் ஏதோ நெட் கடையில் உட்கார்ந்து எழுதுகிறான். நம்பர் கேட்டால் தரமாட்டேன் என்கிறான், மச்சான் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதினான். வீம்பு. ஆனால் மச்சானும் லேசுப்பட்ட ஆளா? முதலில் எவனோ டைம்பாஸ் பண்ணுகிறான் என்றார். நேற்று பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே வந்து எழுதுகிறேன் என்றார். என்ன எழுதுவீங்க அண்ணே என்றேன். பிடி கோணல்தான், தையல் சுத்தம் என்று எழுதுவேன் என்றார். இன்றைக்கே வாங்களேன் என்றால் வரமாட்டார், அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருக்கும்போதுதான் எழுதுவேன், காலி நாற்காலிக்கு எழுதமாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பட்டறையைச் சாத்திவிட்டு வருகிறார்.

பையை எடுத்துவிட்டு முகத்தைப் போடச் சொல் என்பாய். சொல்லிப் பார்த்தேன். பையைக் காணோம் என்றால் மச்சான் மறுபடியும் தூக்கி வீசிவிட்டார் என்றுதானே நினைப்பான், பிறகு எந்த வெள்ளிக்கிழமை வருவான் என்று அக்கா கேட்கிறாள். உன் கூட்டாளி, ரூல் என்றால் ரூல், ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விடணும் என்பானாம். விலைக்கு வாங்குகிறவனிடம் நீயே போய்ச் சொல், முகம் இருக்கிறவர்களில் பாதிப்பேர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள், இந்தப் பைக்கு வாராவாரம் ஒரு ஆள் வருகிறான் என்று. அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மெஷினை இரண்டு நாள் தள்ளியாவது வை. வெள்ளிக்கிழமை எனக்கும் நல்ல நாள், அவர்களுக்கும் நல்ல நாள், அன்றைக்குப் பார்த்து எதையும் அழிக்காதே.

அம்மன் உன்னையும் உன் கடையையும் காப்பாற்றட்டும், நல்ல விலைக்குப் போகட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, நின்றுகொண்டே பிரெட் தின்னாதே. அப்பா விழித்துவிட்டார், பிள்ளை பையை அழிக்கமாட்டாள் என்று சொல்கிறார், இனி அவரை முழு ஆளாகவே எண்ணிக்கொள். உன் பதில் வரும்வரை அக்கா ரோஷன் கடை வாசலிலேயே குடையோடு காத்திருப்பாள். வியாழனுக்கு முன்னால் பதில் போடு.

இப்படிக்கு உன் அம்மா,
செண்பகவல்லி பிரம்மநாயகம்