இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்

அம்மா,

நீ இன்னும் மயக்கத்தில் இருக்கிறாய். பல்வலி என்று ஒரு வாரம் கிராம்பு வைத்தோமே, அது பல்லே இல்லை. உனக்குச் சர்க்கரை ஏறியிருந்த நேரம் பார்த்து சைனஸுக்குள் பூஞ்சை புகுந்திருக்கிறது.

ஸ்கேன் அறைத் திரையில் உன் முகம் நிலா மாதிரி மிதந்தது. ஊசி மருந்து போன இடமெல்லாம் வெள்ளையாக ஒளிர்ந்தது. இடது மூக்குக்குள் மட்டும் கருப்பு.

“அங்க ரத்தமே போகலம்மா. இடது கண்ணுக்கு ஒரு நூல் தூரம்தான். இன்னைக்கே சுத்தம் பண்ணிட்டா கண்ணு தங்கலாம்,” என்றார் டாக்டர்.

“பல்வலிக்கு ஆபரேஷனா? இவ அப்பா ஊர்லேர்ந்து வரட்டும்,” என்றார் மாமா.

நான் திரையில் கருப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருந்த அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிதாக, வெள்ளையாக, இன்னும் அறாமல் இருந்தது.

“நான் கையெழுத்துப் போடறேன்.”

“வயசு?” என்று கேட்டார் டாக்டர்.

“பதினெட்டு முடிஞ்சு ஒன்பது நாள் ஆகுது.”

“அடிப்பாவி, உனக்குப் பேச வருமா!” என்றார் மாமா.

எட்டாவதோடு நின்ற கையெழுத்து, கோணலாகத்தான் வந்தது.

காலையில் கண் கட்டைப் பிரிப்பார்களாம். முதலில் இடது கண்ணைத் திற, அம்மா. அந்தப் பக்கம்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

உன்
ஊமைக்கோட்டான்