‘ரொம்ப ஆராய்ச்சி பண்ணாத’

என் அருமை அண்ணி,

நவராத்திரி பூஜை முடிந்துவிட்டது. நீங்கள் இல்லாத முதல் பூஜை. டாலிகஞ்சில் நம் காலனிக் குளத்தில் வழக்கம்போல அம்மன் சிலையைக் கரைத்தார்கள். மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மற்ற சேதியெல்லாம் அப்புறம் சொல்கிறேன். நீங்கள் முதலில் கேட்பது பவித்ராவைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவள் போகவில்லை அண்ணி.

இடம் கிடைத்தது. வெளி மாநிலத்தில் பெரிய அறிவியல் கல்லூரி, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், படிப்போடு ஆராய்ச்சியும் செய்யலாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்து சொன்னாள். “தீதி இருந்திருந்தா...” என்று, உங்களைக் கூப்பிடும் அந்த பெங்காலி ‘அக்கா’வோடு ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. இப்போது பக்கத்துக் கல்லூரியில் பி.காம் படிக்கிறாள்.

அவள் உங்களுக்குக் கிடைத்ததும் அதே குளக்கரையில்தானே? உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அப்போது எட்டாம் வகுப்பு. அன்றும் சிலை கரைத்த மறுநாள். மீன்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டு கரையில் குந்தியிருந்தாள். “ரொம்ப ஆராய்ச்சி பண்ணாத, நட” என்றார் அவள் அம்மா. அரசாங்க ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பதையே உத்தியோகமாக வைத்திருந்த நீங்கள், ஆபீஸுக்குக் கட்டிய புடவையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அப்புறம் லேக் மார்க்கெட் தமிழர் மளிகைக் கடையில் தமிழில் ஒரு தாள் ஒட்டினீர்கள். ‘பெண் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி வகுப்பு, சனிக்கிழமை மாலை.’ இந்த ஊரில் வளர்கிற நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் பெங்காலி, தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். வீட்டுக்குள் ‘ஆராய்ச்சி’ என்ற வார்த்தையை அவர்கள் கேட்டது திட்டு வாங்கும்போதுதான். வேறு அர்த்தம் இருப்பதே தெரியாது.

“தீதி, திட்டு வாங்குறதுக்கு ஒரு க்ளாஸா?” என்று பவித்ரா கேட்டாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. தெளிந்ததும் சொன்னீர்கள், “என் வேலைக்குப் பேரே அதான்டி. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தராங்க.” அவள் நம்பவே இல்லை. உங்கள் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நம் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டுக்கு உதவவில்லை. எங்கு பார்த்தாலும் குளத்துத் தண்ணீர் பாட்டில்கள். தட்டு வைக்க இடமில்லை என்று அண்ணன் முணுமுணுப்பான். எந்த பாட்டிலையாவது யாராவது இடம் மாற்றிவிட்டால் அவன்தான் முதலில் சத்தம் போடுவான்.

நீங்கள் போன பிறகும் வகுப்பை நடத்தினேன். பாங்க்கில் வேலை பார்க்கிறவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? கதவைத் திறந்து வைத்தேன், டீ போட்டேன், அவ்வளவுதான். ஒருத்தியின் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது. இன்னொருத்தியை நீட் கோச்சிங்கில் போட்டுவிட்டார்கள். ஒருத்திக்குப் பத்தாவது முடிந்ததும் வீட்டு வேலையே சரியாக இருந்தது. கடைசியில் பவித்ரா மட்டும்தான் மிஞ்சினாள்.

அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன் அண்ணி. அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், கெட்டவர் இல்லை. அத்தனை வருஷம் படித்துக்கொண்டே இருந்தால் எப்போது கல்யாணம் செய்து வைப்பது என்று கேட்டார். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவர் பாதி இறங்கிக்கூட வந்தார். அப்போதுதான் அவள் அம்மா பேசினார்.

“உங்க அண்ணி எவ்வளவு படிச்சாங்க. கடைசில ஆஸ்பத்திரில அவங்க கையைப் பிடிச்சுக்க ஒரு பிள்ளை இருந்துச்சா?”

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். கண் கலங்கித்தான் கேட்டார். பவித்ரா தலை குனிந்துகொண்டாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தானே? அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான் அந்தப் பதில் வாய்க்கு வந்தது. திரும்பி ஏறிப் போகத் தெம்பில்லை. போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

மீன்கள் மேலே வந்த அன்று அவளைக் குளக்கரையில் பார்த்தேன். அம்மாவோடு கடைக்குக் கிளம்பியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன தடவையைவிட இந்தத் தடவை நிறைய மீன் மேலே வந்திருக்கிறதே, சிலையின் சாயம் அதிகமா, இல்லை தண்ணீர் குறைந்துபோச்சா என்று கேட்டேன். அவள் நின்றாள். குளத்தைப் பார்த்தாள். உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. கேட்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

“ரொம்ப ஆராய்ச்சி பண்ணாதீங்க ஆன்ட்டி. லேட்டாகுது” என்றாள்.

அச்சு அசலாக அவள் அம்மாவின் குரல். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை அண்ணி. அத்தனை சனிக்கிழமைகள் செலவழித்து அந்த வார்த்தைக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த மரியாதை எங்கே போயிற்று? நீங்கள் இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமா, இல்லை உங்களுக்கும் இதே கதிதானா?

ஒரு மாலை முழுவதும் அண்ணன் காலி பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எடுத்துப் பரணில் போட்டுவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். துடைத்ததையெல்லாம் மறுபடி மேஜையிலேயே அடுக்கினான்.

இனி யாராவது வருவார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய்கிறேன். இந்தச் சனிக்கிழமை நானே குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்துவந்து, நீங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியதை நினைவுபடுத்திச் சோதித்துப் பார்ப்பேன். தப்பாகத்தான் செய்வேன். அடுத்த வாரமும் செய்வேன். இந்த வயதில் குளத்துக்குள் என்ன செய்கிறாய் என்று கரையில் போகிறவர்கள் கேட்பார்கள். ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று சொல்வேன் அண்ணி, பவித்ரா வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

திட்டு வாங்கத் தயாராக,
உங்கள் நாத்தனார்
கல்பனா