தவளை வண்டியின் நோட்டு

மச்சான்,

வண்டியின் முன்பெட்டியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. வண்டியில் இப்போது ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. வாசனை முழுவதும் உன் நோட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் உன் விரல் கிரீஸ். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். "என்னாடா மோந்து பாக்குற, மல்லிப்பூவா?" என்று நீ பக்கத்து சீட்டில் இருந்து கேட்பதுபோல் இருந்தது.

இந்த மடலை அந்த நோட்டின் கடைசியில்தான், ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நீ எழுதாமல் விட்டுப்போன வெள்ளைப் பக்கங்கள் பதினொன்று இருக்கின்றன. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். சிரிக்காதே. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. பஸ் போர்டை நீ படித்துச் சொல்வாய். கரண்ட் ஆபீஸில் இருந்து வரும் தாளை நீ படித்துச் சொல்வாய். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் நான் சூளை பார்த்த முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் யாரும் எழுதச் சொல்லவில்லை. துவாரத்தின் வழியே நெருப்பின் நிறத்தைப் பார்ப்பேன், இரைச்சலைக் காதில் வாங்குவேன், வெந்துவிட்டதா என்று சொல்வேன். அவ்வளவுதான் வேலை. "நீ கைநாட்டு, நான் கை கிரீஸு. ரெண்டு பேரு வெரலும் கறுப்புதான்" என்று நீ சொல்வாய்.

உனக்கும் காதுதான் தொழில். பெண்ணாடம் ரோட்டில் உன் ஷெட்டுக்கு வரும் வண்டி வாசலில் நிற்பதற்கு முன்பே, "மூணாவது பிளக் வேலை செய்யல" என்று உள்ளே இருந்து கத்துவாய். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் தவளையைக் கட்டினாய். பாண்டிச்சேரியில் ஒரு பழைய பங்களாவின் பின்னால் செடி முளைத்துக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மேலே கூரை கிடையாது. முன்னால் இரண்டு விளக்கும் புடைத்துக்கொண்டு நின்றதால் ஊரே அதைத் தவளை என்றது. நாலு வருஷம் நீ அதனுடன் மல்லுக்கட்டினாய். முதல் முறை அது உறுமியபோது விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஜங்ஷன் அவ்வளவு பக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் இரண்டு பேரும் பெண்ணாடம் போவோம். சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு நாற்றம் வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். டீ, வடை, திரும்பி வருவது. வந்து நின்றதும் இந்த நோட்டை எடுத்து நீ எழுதுவாய்.

"என்னாடா எழுதுற?" என்று கேட்பேன்.

"ஆயிலு மாத்தின தேதி."

"அதுக்கா அரைப் பக்கம்?"

"பெரிய ஆயிலுடா."

எழுதி முடித்து முன்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுப்பாய். "கைநாட்டுகிட்ட இருந்தா பத்திரம்" என்பாய். நானும் அதை ஒரு பெருமையாக நினைத்து அரைஞாணில் கட்டிக்கொண்டேன். ஏன் பத்திரம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை, பார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு என்றால் உனக்குத் திருவிழா. கடலூர், பாண்டி, சேலம் என்று எங்கெங்கோ இருந்து உன்னைப்போல் வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் தங்கள் வண்டிகளுடன் நம் ஊர்த் திடலுக்கு வருவார்கள். முதலில் கிளம்புவது தவளைதான். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்போம். பூசணிக்காய் உடைப்பது என் வேலை. நீ சாவியைத் திருப்புவாய், தவளை உறுமும், அந்த உறுமல்தான் எனக்கு அடையாளம். காயை மூன்று சுற்று சுற்றி ரோட்டில் போட்டு உடைப்பேன். உடனே நீ பாய்வாய்.

அப்படி ஒரு வருஷம்தான் பாண்டிக்காரர் ஒருவர் கரண்ட் வண்டி கொண்டுவந்தார். வெள்ளை நிறம், தாழ்வான உடம்பு, பார்க்க அழகாகவே இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அதைச் சுற்றி நின்றார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்களுக்கு நீ தலைவன்.

"மிக்ஸி வந்திருக்குது, பாத்தீங்களா? அதுல சட்னி அரைக்கலாம். ரேஸு வுட முடியுமா?" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க சூளகூட விறகுல இருந்து எண்ணெய்க்கு மாறிச்சு, எண்ணெய்ல இருந்து கேஸுக்கு மாறிச்சு. பொம்ம வெந்துதானடா வருது" என்றேன்.

"பொம்மைக்குக் காது இருக்குதா? எனக்கு இருக்குது" என்றாய்.

உன் மகள் மீனா பாண்டியில் ஆட்டோக்களுக்குப் பேட்டரியும் மோட்டாரும் பொருத்தும் பட்டறையில் சேர்ந்ததும் அந்தச் சமயம்தான். "மிக்ஸி ரிப்பேர் கடை எப்படிம்மா போவுது?" என்றுதான் அவளை விசாரிப்பாய். அவளும் சிரித்துக்கொண்டே, "நல்லா போவுதுப்பா, கிரைண்டரும் எடுக்கறோம்" என்பாள். அந்தச் சிரிப்பு பாதிதான் வரும். எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வருஷமே எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். "எனக்கப்புறம் எவன் வந்து கேட்டாலும் தவள வயித்துல பேட்டரி வைக்க வுடாத. வச்சா பேயா வந்து உன் கால வாருவன்." நானும் கையடித்துக் கொடுத்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஓட்ட ஆள் இல்லாமல் நின்றதில் இஞ்சின் துருப்பிடித்து இறுகி, அதன் இரும்புக் கூட்டிலும் வெடிப்பு விட்டது. மீனா எங்கெங்கோ தேடினாள். அந்தக் காருக்கு மாற்று இஞ்சின் கிடைக்கவில்லை. போன ஆடியில், ஷெட் இருக்கும் இடத்தைக் காலி செய்து தரச் சொல்லி இடத்துக்காரர் ஆள் அனுப்பினார். தைக்குள் வண்டி நகர வேண்டும். மீனா என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இஞ்சினு இனிமே ஆவாது. மோட்டார் வச்சா ஓட்டிக்கினு போயி எங்கிட்ட வச்சிக்குவன். இல்லன்னா காயலான் கடைதான். நீங்க சரின்னு சொன்னாத்தான் கைய வைப்பன்."

"உங்க அப்பன் சத்தியம் வாங்கியிருக்கான்மா."

"தெரியும் மாமா. அதனாலதான் கேக்கறன்."

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் முடியாது என்றேன். மூன்றாவது முறை அவள் எனக்குக் கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டு, "போயிட்டு வரேன் மாமா" என்று கிளம்பிவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

நான் எழுத்துக் கற்றதற்குக் காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஏதேதோ சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். நீ என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று தெரிந்துகொள்ளத்தான். மீனாவிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் படித்திருப்பாள். ஆனால் சாவியை நீ என்னிடம் அல்லவா கொடுத்தாய்? அதனால் நீ போன சில மாதத்திலேயே பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 'ழ' போடத்தான் அதிக நாள் ஆனது. அதன் வால் எனக்கு அடங்கவே இல்லை. பிறகு ஒரு நாள் நம் பஸ் ஸ்டாண்டில் நின்று பெண்ணாடம் என்ற போர்டைப் படித்தேன். ஏறப் போகிறவன்போல் நின்று இன்னொரு முறை படித்தேன். கண்டக்டர், "ஏறுறீங்களா பெரியவரே?" என்றார். "இல்ல தம்பி, படிக்கறன்" என்றேன்.

புரட்டாசியில் நோட்டைத் திறந்தேன். நாளுக்கு அரைப் பக்கம். ஆயில், பிளக், டயர். சொன்னபடி ஆயில் தேதிதான் என்று நினைத்தேன். கீழே பார்த்தால்: 'இன்று இவன் பெண்ணாடத்தில் ஐந்து வடை தின்றான். திரும்பும்போது வண்டி இழுக்கவில்லை.' பொய். நாலு வடைதான். இன்னொரு பக்கத்தில்: 'இவனுக்குச் சளி. பக்கத்து சீட்டு காலி. தனியாகப் போனேன். வண்டி ஓடியது, அவ்வளவுதான்.' அந்தப் பக்கத்தோடு அன்றைக்கு நோட்டை மூடிவிட்டேன்.

பிறகு அந்தப் பொங்கல் ஞாயிறு வந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நீ, "பழமலைநாதர் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று காணாமல் போனாய். திரும்பி வந்தபோது தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. நெற்றியில் திருநீறு இல்லை. கோயிலுக்குப் போனவன் நெற்றியில் ஏன் திருநீறு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. சோற்றைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். நோட்டில் எழுதியிருக்கிறாய்:

'மிக்ஸி ஓட்டினேன். பாண்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார். நல்லூர் பக்கம் போய் வந்தேன். மிதித்ததும் வயிறு முதுகில் ஒட்டிக்கொண்டது. தவளை ஒரு நாளும் இப்படித் தாவியது இல்லை. வண்டி ஓட்டும்போது மயில் கத்தியதை இன்றைக்குத்தான் கேட்டேன். மீனா வேலை நல்ல வேலை. மச்சானிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மானம் போய்விடும்.'

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் எழுத்துக் கூட்டினேன். மயில்தான். மானம்தான். சிரித்தேன் மச்சான், விலா வலிக்கச் சிரித்தேன். திருட்டுப் பயலே, படிக்கத் தெரியாதவனிடம் சாவியைக் கொடுத்தாயே! சிரித்து ஓய்ந்த பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேலி செய்திருப்பேன்தான். ஒரு வாரம் செய்திருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மயில் கேட்கப் போயிருப்போம்.

வாயால் வாங்கிய சத்தியம் பெரிதா, கையால் எழுதியது பெரிதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாயால் பேசியபோது சுற்றிலும் ஆள் இருந்தது. எழுதியபோது நீ மட்டும்தான் இருந்தாய். மீனாவுக்குப் போன் போட்டேன்.

"மோட்டார வைம்மா."

"என்னா மாமா திடீர்னு?"

"உங்க அப்பன் சரின்னுட்டான்."

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்திருப்பாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். தவளையின் சீட்டில் அவளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். நான் இன்னொரு ஆளுக்குப் படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. 'மிக்ஸி' என்றதும் சிரித்தாள். 'மீனா வேலை நல்ல வேலை' என்றதும் நிறுத்தச் சொன்னாள். நோட்டைப் பிடுங்கிப் படிப்பாள் என்று நினைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த வரிய இன்னொரு தடவ படிங்க மாமா. மெதுவா" என்றாள். மெதுவாகப் படிக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் வேகம் உன் வேகம்தான். இஞ்சினை இறக்கினாள், மோட்டாரை ஏற்றினாள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் தாளுக்கு அலைந்தாள். பொங்கல் ஞாயிற்றுக்குத் தவளை திடலில் நின்றது.

இனிமேல்தான் கேள், என் மானம் போன கதையை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, மேலே கற்பூரம் எரிய, உறுமலுக்குக் காத்து நிற்கிறேன். நிற்கிறேன், நிற்கிறேன். கற்பூரம் கரைந்து கை சுடுகிறது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் மீனாவைப் பார்க்கிறேன்.

"ஸ்டார்ட் பண்ணும்மா!"

"ஸ்டார்ட் ஆயி அஞ்சு நிமிஷம் ஆவுது மாமா! நீங்க எப்ப உடைப்பீங்கன்னு நான் பாத்துக்கினு இருக்கறன்!"

திடலே சிரித்தது. கடலூர்க்காரர், அதுதான் உன்னோடு சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட தொப்பைக்காரர், "பெரியவர அதுல ஏத்தி உறுமச் சொல்லுங்கப்பா" என்றார். அந்தச் சிரிப்பில் நான் சரி என்று தலையாட்டியதை மீனா கிளம்பச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மிதித்துவிட்டாள். தவளை போயே போய்விட்டது. நான் காயோடு பின்னால் ஓடி, காலி ரோட்டில் போட்டு உடைத்தேன். வண்டி போன பிறகு பூசணிக்காய் உடைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

ஆனால் மச்சான், ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் ஏறியபோது எலுமிச்சம்பழம் 'ப்ளக்' என்று உடைந்தது. நாலும் உடைந்தது கேட்டது. இத்தனை வருஷமாக நான்தான் அந்தப் பழத்தை வைத்தேன். அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மீனா திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். பெண்ணாடம் போனோம். பாதி வழி வரை எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. உன் சத்தம் இல்லை அல்லவா? அவள் பார்க்காத நேரத்தில் வாயாலேயே கொஞ்சம் உறுமிப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள். பிறகு அவளும் உறுமினாள். ஆலை நாற்றம் வரும் வரைக்கும் இரண்டு பேரும் உறுமிக்கொண்டே போனோம். திரும்பும்போது வாயை மூடிக்கொண்டு வந்தோம். மயில் கேட்டது.

உன் கடைசி வரிக்குக் கீழே அன்றைய கணக்கை எழுதிவிட்டேன்: 'விருத்தாசலம், பெண்ணாடம், விருத்தாசலம். ஆயில் இல்லை, பிளக் இல்லை. மயில் ஒன்று. வடை நாலு. நாலுதான்.'

சாவி இன்னும் என் அரைஞாணில்தான் இருக்கிறது. கழற்ற மனசு வரவில்லை. ஆனால் பெட்டியைப் பூட்டுவதில்லை மச்சான். நோட்டோடு வண்டி பாண்டியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக மீனா வரும்போதெல்லாம் நோட்டில் அந்த மிக்ஸிப் பக்கத்தின் ஓரம் கொஞ்சம் கூடுதலாக மடிந்திருக்கிறது. அவள் கையிலும் கிரீஸ் இருக்கத்தான் செய்கிறது.