புது வால்வு செய்த குற்றமும் என் கையைவிட்டுப் போன சாவியும்

அனுப்புநர்:
மோட்டார் போடுபவர் (மோட்டாரக்கா என்றால்தான் தெரியும்),
இரண்டாம் பிளாக், தரைத்தளம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: வால்வை மாற்றி, மோட்டார் அறைச் சாவியை என்னிடம் திரும்பத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு வருடமாக இரண்டு பிளாக்குக்கும் மோட்டார் போடுவது நான். ஒரே மோட்டார், அதன் மேல் ஒரு மூன்று வழி வால்வு. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் முதல் பிளாக் தொட்டி, வலப்பக்கம் தள்ளினால் இரண்டாம் பிளாக் தொட்டி. இவ்வளவுதான் என் உத்தியோகம்.

2. போன மாதம் வால்வு ஒழுகியதால் தங்கள் பிளம்பர் புதிது மாட்டினார். அளவு அதே, கைப்பிடி அதே. மறுநாளிலிருந்து முதல் பிளாக் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியில் அருவி. எங்கள் பிளாக்கில் குழாயைத் திறந்தால் வெறும் பெருமூச்சு.

3. முதல் பிளாக்கில் என் சம்பந்தியம்மா இருக்கிறார். போதாதா? "பொண்ணைக் கொடுத்தது பத்தாதுன்னு தண்ணியையும் கொடுக்கிறா" என்று பேச்சு கிளம்பி, சங்கச் செயலாளர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஐயா, எங்கள் இருவருக்கும் உள்ள பாசத்துக்கு, நான் அவருக்குத் தண்ணீரை நிறுத்தினேன் என்றால் நம்பலாம். கூடுதலாகக் கொடுத்தேன் என்றதற்கு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் என் பிளாக் பெண்கள் நான் படியேறினால் பேச்சை நிறுத்துகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

4. சும்மா இருப்பேனா? கழற்றிப் போட்ட பழைய வால்வுக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே சுழலும் உருண்டையில் முழங்கை மாதிரி மடங்கிய ஒரு வழி, இரண்டே வாய். கடைக்குப் போய்ப் புதியது மாதிரியே இன்னொன்றை வாங்கி உள்ளே பார்த்தேன். மூன்று வாய்! இதை இடப்பக்கம் தள்ளினால் முதல் பிளாக்குக்கு மட்டும் போகிறது. வலப்பக்கம் தள்ளினாலோ மூன்றும் திறந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது. மோட்டாரை நிறுத்தினாலும் விடுவதில்லை. உயரத்தில் உள்ள எங்கள் தொட்டித் தண்ணீர், அடிப்பக்கமாக ஏறிய குழாயிலேயே இறங்கி, தாழ்வான முதல் பிளாக் தொட்டிக்குப் போய்விடுகிறது.

5. நான் படித்தது நாலாவது. எழுத்தில் புரியாவிட்டால் என்று இரண்டு உருளைக்கிழங்கைத் துளைத்து இணைத்துள்ளேன். வாடுவதற்குள் பார்க்கவும். பிளம்பரைத் திட்ட வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ஆகவே பழையது போல இரண்டு வாய் உருண்டை உள்ள வால்வு மாட்டி, தவறு என்னுடையதல்ல என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டி, சாவியைத் தர உத்தரவிட வேண்டுகிறேன். அன்று கைப்பிடியை நானே வலப்பக்கம் தள்ள வேண்டும். என் பிளாக் முழுக்க நின்று பார்க்க வேண்டும். தங்களுக்கும் ஒரு நாற்காலி போடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே போட மாட்டேன், பயப்படாமல் வரவும்.

இடம்: பூட்டிய மோட்டார் அறை வாசல்
நாள்: 14ஆம் தேதி, வியாழன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மோட்டாரக்கா