பாலம் குணமான வாரம்

நவம்பர் 12, செவ்வாய்

கழிமுகப் பாலத்தில் நாங்கள் பொருத்திய சென்சார் பெட்டிகள் ஒரு வாரமாக ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. மேலதிகாரி பாராட்டினார். துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் பாலத்தில் வரிசைகட்டும்போதெல்லாம் எச்சரிக்கை வந்து அவர் தூக்கம் கெட்டது. அதனால் போன வாரம், எச்சரிக்கை எழும் அதிர்வு வரம்பை உயர்த்தச் சொன்னார். உயர்த்தியவன் நான். பாலம் அன்றே குணமாகிவிட்டது.

மாலையில் பாலத்து நிழலில் வலை தைக்கும் ஏழுமலை என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், உன் பொட்டி தூங்கிக்கினு கீதா? மூணாவது தூணாண்ட டொக்கு டொக்குனு சத்தம் வருது. படகையே அந்தாண்ட கட்டிக்கினோம்."

"பெட்டி எல்லாம் சரின்னுதான் காட்டுதுண்ணே."

"அப்ப நீ வந்து இங்க குந்து."

உட்கார்ந்தேன். ஒரு லாரி கடந்தது. கேட்டது. எழுந்து படகுகளின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வீடு வந்ததும் கணினியில் வரம்பைப் பழைய அளவுக்கே இறக்கினேன். மேலதிகாரியிடம் சொல்லவில்லை. எச்சரிக்கை அவர் போனுக்கும் போகும். காலை ஏழரைக்கு மகளின் பள்ளிப் பேருந்து அந்தப் பாலத்தில்தான் போகிறது. நாளை அவளை மட்டும் நிறுத்திக்கொண்டால், மற்ற பிள்ளைகள்

போன் கத்துகிறது. மூன்றாவது தூண். அது ஓய்வதற்குள் திரையில் மேலதிகாரியின் பெயர். எடுக்கிறேன்.